தெர்மாகோல் காவிரி

"அய்யோ... என்னங்க!"

ஈஸ்வரியின் அலறலில் ரிசார்ட்டே தோட்டத்துக்கு ஓடி வந்தது.

அவள் கணவர் செல்லதுரை குப்புறக் கிடந்தார். தலை தெர்மாகோல் காவிரிக்குள். கை தெர்மாகோல் கல்லணை மேல். பக்கத்தில் கவிழ்ந்த தட்டு... காப்பரிசி, காதோலை, கருகமணி.

ஆடிப் பதினெட்டு!

நிஜக் காவிரி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. திருக்காட்டுப்பள்ளியே அங்கேதான் நிற்கிறது. ஆனால் ரிசார்ட் முதலாளி செல்லதுரைக்குத் தன் தோட்டத்து மாடல் காவிரிதான் உசத்தி. விருந்தாளிகள் செல்போனில் படம் பிடிக்க, அதற்குத்தான் படையல் போடுவார்.

போட்டார். போய்விட்டார்!

இன்ஸ்பெக்டர் பூர்ணிமா வந்தபோது மெயின் ஸ்விட்சை அணைத்திருந்தார்கள். மாடலைச் செய்த ராஜ்குமார் ஓரமாக நின்றான். ஈஸ்வரியின் தம்பி.

"அருவிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் வயர் இந்தத் தெர்மாகோல் மலைக்குள்ள போகுது. தண்ணி உள்ள இறங்கியிருக்கு. கரண்ட் தண்ணிக்கு வந்திருக்கு. நீ ஒழுங்காப் பூசல... அப்படித்தானே?"

"இல்ல மேடம்! ரெண்டு மழைக்காலம் தாங்கின பூச்சு அது. அருவிக்குப் பின்னாடி பாருங்க... ஓட்டை! எலி கடிச்சிருக்கு. வயக்காட்டு எலிங்க மேடம். தெர்மாகோலைக் கண்டா விடாது!"

"வயலா? இங்க எங்க இருக்கு வயலு?"

ஈஸ்வரி கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க நிக்கிற இடந்தாங்க. எங்கப்பா எனக்குச் சீரா எழுதி வெச்ச நஞ்சை. லாரி லாரியா மண்ணைக் கொட்டி மூடிட்டுத்தான் இதைக் கட்டுனாரு. அப்பா அதைப் பாத்துட்டுப் படுத்தவரு... எந்திரிக்கவே இல்ல."

நிஜ நெல்லைப் புதைத்துவிட்டு, அதன் மேலேயே தெர்மாகோல் நெல்! அதற்குப் பச்சை பெயிண்ட் வேறு. கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்.

பூர்ணிமா ஓட்டைக்குள் டார்ச் அடித்தாள்.

"எலிதான் போலிருக்கு... விபத்துன்னு எழுதிடலாமா மேடம்?" கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தார்.

ராஜ்குமார் மூச்சு விட்டான்.

"இருங்க..." பூர்ணிமா விரலை உள்ளே விட்டுத் தடவினாள். "எலி கடிச்சா பல்லு பதியும். இது வழவழன்னு உருகி, உள்ள குழி விழுந்திருக்கு. ஓரமெல்லாம் பச்சை. ஸ்ப்ரே பெயிண்ட்! நீதானே அடிச்ச?"

ராஜ்குமாரின் முகம் சிவந்தது.

"தெர்மாகோல் மேல நேரா ஸ்ப்ரேயா? நானா? பட்ட உடனே கரைஞ்சு போயிடும் மேடம்! முதல்ல வலைத்துணி ஒட்டணும். வெள்ளை சிமென்ட்ல பசை கலந்து பூசணும். காஞ்சப்புறம் தண்ணி புகாம எபாக்ஸி. அதுக்கு மேலதான் பெயிண்ட்... அதையும் நான் பிரஷ்லதான் அடிப்பேன்! கத்துக்குட்டி வேலையை எல்லாம் என் தலைல கட்டாதீங்க!"

"அப்ப யாரு அடிச்சா?"

கோபம் கண்ணை மறைத்தது. அவன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"ஏன்க்கா! ஓட்டையை எலி கடிச்ச மாதிரி முள்கரண்டியால சுரண்டி விட்டா போதும்னுதானே சொன்னேன்? ஸ்ப்ரேயை எதுக்கு அடிச்ச?"

"சுரண்டின இடம் வெள்ளையாப் பளிச்னு தெரிஞ்சுதுடா... அவரு பாத்துடுவாரோன்னு பயந்து, கேட் கதவுக்கு அடிச்ச பச்சை ஸ்ப்ரே டப்பாவை எடுத்து..."

ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் கான்ஸ்டபிள் பேனாவை மூடிவிட்டு விலங்கை எடுத்திருந்தார்!

ஜீப்பில் ஏறும்போது ஈஸ்வரி நின்றாள்.

"விளைஞ்சுகிட்டிருந்த வயலை உசுரோட மூடுனாரே... அதுக்கு ஏதாச்சும் கேஸ் இருக்கா மேடம்?"

பூர்ணிமா அவளை மெல்ல ஜீப்புக்குள் ஏற்றினாள். அந்தக் கேள்வி கிளப்பிய எரிச்சலை ராஜ்குமார் மேல் காட்டினாள்.

"மலைக்கு அத்தனை கோட் அடிச்சியேப்பா... உன் வாய்க்கும் ஒரு கோட் அடிச்சிருக்கக் கூடாதா!"