தொடாத கோப்பு

அன்று பிரியந்தன் தொட்டது தெஹிவளைக் கல்யாண வீடியோவை மட்டும்தான். ஆனால் வேலை டிஸ்க்கில் மாறியவற்றைக் காப்பு டிஸ்க்குக்குக் கொண்டுபோகும் கருவி ஓடி முடிந்தபோது, திரையில் கல்யாணத்துக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது.

தர்மினி, இறுதிக்கிரியை.

அவன் மனைவியின் செத்தவீடு. லண்டனிலிருந்து வரமுடியாமல் போன அவளுடைய அக்காவுக்காக எடுத்த வீடியோ. அவன் அதை ஒருபோதும் திறந்ததில்லை. செத்தவீட்டன்றும் பெட்டிக்கு அருகே போகவில்லை. சனம் வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டபோது, உடலை வைத்திருந்த மலர்ச்சாலையின் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்த்தபடி நின்றுவிட்டான். என்றாவது தைரியம் வந்தால் பார்ப்பதற்கென்று அந்தக் கடைசி முகம் இந்தக் கோப்பில் மட்டுமே மிச்சமிருந்தது.

மழை விட்டிருந்தது. வெள்ளவத்தைக் கரையோரமாக ரயில் போனதும், உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பிகள் நடுங்கி அடங்கின. கீழே கடையில் கொத்துரொட்டி கொத்தும் தகரச் சத்தம் எழுந்து, ஒழுங்கையின் ஈரச் சுவர்களில் பட்டு, ஆளில்லாத சமையலறை வரைக்கும் வந்து நின்றது.

கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வலன்ரைனை அழைத்தான். பிரியந்தனுக்கு அவனிடம்தான் எடிட்டிங் வேலை, அந்த வீடியோவை எடுத்தவனும் அவன்தான்.

"வரிக்கு முன்னால என்ன இங்கிலீஷ் எழுத்துடா இருக்கு?"

"ரீ."

"அப்ப நேரம் மட்டும்தான் மாறியிருக்கு. உள்ளுக்கு இருக்கிறது அப்படியே இருக்கும். நீ திறந்து சேவ் பண்ணியிருப்பே."

"நான் தொடேல்லை, வலன்ரைன்."

"அப்ப பேய்தான் தொட்டிருக்கு. அதுக்கு எடிட்டிங் தெரியுமான்னு கேளு மச்சான், கல்யாண சீசனுக்கு ஆள் பத்தல." சிரித்தவன், எந்தக் கோப்பு என்பது நினைவுக்கு வந்ததும் குரலைத் தணித்தான். "எஸ்னு வந்தா மட்டும் கவனம். அளவே மாறிருச்சுன்னு அர்த்தம். உடனே காப்பு டிஸ்க் ஒயரைக் கழட்டிடு. இல்லன்னா அந்தக் கருவி மாறினதைக் கொண்டுபோய் நல்ல காப்பிக்கு மேலயே எழுதிடும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது."

"ஓம்."

போனை வைத்தபின், எதையும் நகலெடுக்காமல், எது மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்லும்படி கருவியை ஓடவிட்டான். இப்போதுதான் எல்லாம் நகலாகி முடிந்திருந்தது, எதுவும் வரக்கூடாது.

அதே வரி வந்தது. ரீக்குப் பக்கத்தில் எஸ்.

மறுபடி ஓடவிட்டான். கோப்பு இன்னும் வளர்ந்திருந்தது.

கை காப்பு டிஸ்க்கின் ஒயருக்குப் போனது. அதைப் பிடித்தபடி அப்படியே நின்றது. தர்மினி போனபிறகு இந்த வீட்டில் அவன் தொடாமல் எதுவும் அசைந்ததில்லை. காலையில் வைத்த தேநீர்க் கோப்பை மாலையிலும் வைத்த இடத்திலேயே இருக்கும். மடித்த போர்வை மடித்தபடியே கிடக்கும். கதவைத் திறக்கும்போது வீடு அவன் விட்டுப்போன அதே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது ஏதோ ஒன்று அவனில்லாமல் மாறிக்கொண்டிருக்கிறது. பயத்துக்கு அடியில் வெட்கங்கெட்ட ஓர் ஆறுதல் ஊறியது.

ஒயரை விட்டான். கோப்பைத் திறந்தான்.

மலர்ச்சாலை மண்டபம். தேவாரம். சாம்பிராணிப் புகை. பெட்டி தூக்கப்படும் இடத்தில் வீடியோ முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. திரை ஒருமுறை கறுத்து, மீண்டும் வெளிச்சமானது. இம்முறை கமெரா கீழே கிடந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மின்விசிறி. ஒரு குழல்விளக்கு. பார்வையின் ஓரங்களில் பெட்டிக்குள் தைக்கும் வெள்ளைச் சாட்டின் துணி, குஞ்சம் குஞ்சமாக.

ஒரு முகம் குனிந்தது. அவளுடைய அக்கா. லண்டனை விட்டு வராதவள். கையை நீட்டி, விரல்களைத் திறந்தாள்.

அரிசி விழும் மெல்லிய சத்தம்.

அடுத்த முகம். வலன்ரைன். கண்கள் சிவந்திருந்தன. அடுத்தது, கீழ்வீட்டு நபீஸ். பிறகு தெரியாதவர்கள். வரிசை நீண்டது. ஒருவர் குனிந்து விலகும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் கோப்பின் அளவு ஏறியது.

நிறுத்த வேண்டும். ஒயர். ஒயரைக் கழற்ற வேண்டும்.

கை எழவில்லை. இரண்டு கைகளும் நெஞ்சின்மேல் சேர்ந்திருந்தன. எப்போது சேர்ந்தன? எழுந்திருக்கப் பார்த்தான். மேசைக்கடியில் கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றாக இறுகியிருந்தன, துணித்துண்டால் கட்டியதுபோல.

கொத்துச் சத்தம் நின்றிருந்தது. கடல் நின்றிருந்தது.

திரையில் வரிசை முடிந்தது. கடைசியில் ஒருத்தி. நாவல் நிறக் கூறைச்சேலை. தர்மினியை எரித்தபோது உடுத்தியிருந்தது. மெதுவாக வந்தாள். வாசலில் நின்றுவிடாமல், செருப்புகளைப் பார்க்காமல், நேராக அருகே வந்தாள். குனிந்தாள்.

இவ்வளவு காலம் பார்க்கப் பயந்த முகம். அழுதுகொண்டிருந்தது.

மூடிய கையை நீட்டினாள். திறந்தாள்.

பிரியந்தனின் உதட்டில் குளிர்ந்து ஏதோ பட்டது. பிறகு நாக்கில். பச்சரிசி. இன்னும். இன்னும்.