பூச்சு விட்ட இடம்

நேற்றுச் சுவரோவியத்து அம்மனின் தோளருகே கேட்ட பொக்கைச் சத்தம் இன்று இடுப்பருகே கேட்டது.

பிரதீபா விரல் முட்டியால் மறுபடியும் தட்டிப் பார்த்தாள். பாறையை விட்டுப் பூச்சு பிரிந்த இடம் காலிச் சட்டி மாதிரி ஒலிக்கும். அங்கே துளையிட்டு, ஊசியால் சுண்ணாம்புக் குழம்பை ஏற்றி, பிடிக்கும்வரை உள்ளங்கையால் அழுத்தி நிற்க வேண்டும். பிரிந்த இடம் பெரிதாகலாம். நகராது.

சாரத்தின் கீழே பெருக்கிக்கொண்டிருந்த துர்காதேவி சிரித்தாள். "இன்னாம்மா, காத்தாலேர்ந்து செவுத்தத் தட்டிக்கினே கீற? உள்ளேர்ந்து யார்னா கதவத் தொறப்பாங்களா?" பிறகு குரல் இறங்கியது. "சாரு போன எடம். வுட்டுட்டு வூட்டுக்குப் போம்மா."

சார் என்றால் இனியன். பிரதீபாவின் கணவன். போன மார்கழியில் இதே சாரத்தின் அடியில் செத்துக் கிடந்தான். உப்புப் பூத்து மறைந்திருந்த அம்மனின் முகத்தை மீட்டதுதான் அவன் கடைசி வேலை. காவு கேட்கிற சுவர் என்று ஊர் சொன்னது. தர்மகர்த்தா லக்ஷ்மிநாராயணன் காலையிலேயே சொல்லிவிட்டார்: "இன்னிக்குள்ள பூச்சு நிக்கலன்னா நாளைக்குக் கொத்தி எடுத்துட்டு டைல்ஸ் ஒட்டிடுவோம்மா."

"நிக்கும் சார். நான் நிக்க வைக்கிறேன்," என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

துர்காதேவி போன பிறகு மழை வலுத்தது. சவுக்குத் தோப்பின் இரைச்சலும் அதற்கு அப்பால் கடலின் இரைச்சலும் ஒன்றாகி மண்டபத்துக்குள் புகுந்து, பழைய எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடையைக் கிளறிவிட்டு, கருவறைப் பக்கம் போய் அடங்கின. அவள் இடுப்பருகே ஊசியைச் செருகினாள். குழம்பு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. பூச்சுக்குப் பின்னால் விரற்கடை இடைவெளி, அப்புறம் வெறும் பாறை. குழம்பு வாளி பாதி காலியாகியும் நிறையவில்லை.

உள்ளே, மிக அருகில், மடக் என்றொரு சத்தம். விழுங்குகிற சத்தம்.

ஊசியை உருவினாள். தட்டினாள். கெட்டியாக இருந்தது. மேலே தட்டினாள். கெட்டி. முகத்தருகே கையைக் கொண்டுபோனாள்.

அவள் தட்டவில்லை. சத்தம் வந்தது.

அம்மனின் கன்னத்தைச் சுற்றி மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியது. முகம் முன்னால் சாய்ந்தது. சட்டென்று உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கையை எடுத்தால் முகம் விழும். இனியன் மீட்ட முகம்.

உள்ளிருந்து தள்ளியது.

சாரம் ஆடியது. குதிகால் பலகையின் விளிம்புக்குப் போனது.

"இப்படித்தான் அவரத் தள்ளினியா?"

கால்விரல்களைப் பலகையில் ஊன்றிக்கொண்டாள்.

"தள்ளு," என்றாள். "எவ்வளவு வேணா தள்ளு. கைய எடுக்க மாட்டேன்."

தள்ளுவது நின்றது.

கன்னத்தின் மஞ்சள் நிறத்தில் ஐந்து புடைப்புகள் எழுந்தன. அவளுடைய விரல்களின் இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்தன. மடங்கின. காய்ந்த சுண்ணாம்பு வெடிக்கவில்லை. தோலைப் போல் இழுபட்டு, சில்லென்று, அவள் கையை இறுகப் பற்றியது. இனி எடுக்கவும் முடியாது.

அம்மனின் முகம் விழவில்லை.

இனியன் மீட்ட முகத்தைத் தாங்க, பிரதீபா மற்றக் கையையும் தானாகவே சுவரில் வைத்தாள்.