மூன்றாவது இறக்கை

காற்றாடிக்கு மூன்று இறக்கைகள். வீட்டுச் சுவரில் ஓடிய நிழலில் இரண்டுதான் இருந்தன.

கல்யாணப் பந்தலில் நின்ற பெண்ணின் அப்பா ஆண்டவர் மறுபடியும் பார்த்தார். கிழக்கே, அவருடைய கொல்லையின் நடுவில் நின்ற காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் மூன்று இறக்கைகளும் ஆனிக் காற்றில் சீராகச் சுழன்றன. காலை வெயில் அவற்றின் நிழலை நீட்டிப் புதிதாக வெள்ளையடித்த சுவரின் மேல் எறிந்தது. ஒன்று கடந்தது, இன்னொன்று கடந்தது, அடுத்தது வரவேண்டிய நேரத்தில் வெறும் வெயில் நின்றது.

இன்று எட்டு மணிக்குக் கம்பெனிக்காரர்கள் ஓர் இறக்கையை வேண்டுமென்றே கழலச் செய்யப்போகிறார்கள். ஓடும்போது திடீரென்று முறிந்தால் எவ்வளவு தூரம் பறக்கும், கோபுரம் எப்படி ஆடும் என்று பார்க்கும் சோதனை. அது விழக்கூடிய தூரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது. உள்ளே இருந்த ஒரே வீடு ஆண்டவருடையது.

நாளை மகள் கீதாஞ்சலிக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்ட வீட்டைப் பூட்டிவிட்டு, திருமானூரிலிருந்து வந்திருக்கும் சம்பந்தியோடு ரோட்டோரம் போய் நிற்பதா? விடியும் முன் அவரே கோட்டைப் பெருக்கி அழித்து, கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே வேறு கோடு போட்டுவிட்டார்.

"பெரியய்யா, நான் போட்ட கோடு வூட்டுக்கு அந்தாண்டல்ல ஓடுச்சு?" என்று கேட்டான் கம்பெனி வேலையாள் மாயவன்.

"இடம் என்னுது. இதான் கோடு."

அதற்குமேல் நிமிர்ந்து பார்க்க மாயவனுக்குத் துணிவில்லை. போய்விட்டான்.

பந்தலில் சம்பந்தி சாமிக்கண்ணு காபியை ஆற்றினார். "எங்கூர்ல ஃபேன் வூட்டுக்குள்ள சுத்துதுங்க. உங்கூர்ல வெளியில சுத்துது!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆண்டவரும் சிரித்தார். மூன்றாவது நிழல் எங்கே போயிற்று?

உள்ளே போனார். கூடத்தில் மஞ்சளும் சந்தனமும் நல்லெண்ணெயும் கலந்து மணக்க, பெண்கள் கீதாஞ்சலிக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடந்தது அது. நீளமாக, நுனி கூர்ந்து, எந்த ஜன்னலிலிருந்தும் வராமல், தரையில் அசையாமல் கிடந்தது. பெண்கள் அதை மிதித்து நடந்தார்கள். அதன் நுனி மகளின் கழுத்தில் ஏறியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் கறுத்திருந்தது.

"அப்பா, ஏன் இங்க இப்புடிக் குளிருது?"

எழுந்திரு, எல்லாரும் ஓடுங்கள் என்ற சொல் நாக்குவரை வந்தது.

"என்ன சம்பந்தி, எதாச்சும் கோளாறா?" பந்தலிலிருந்து சாமிக்கண்ணுவின் குரல்.

"ஒண்ணுமில்லிங்க."

மகளிடம் திரும்பினார். "ஈரத்துணி. அப்புடித்தான் இருக்கும்."

நிழல் அசைந்தது.

மேலே ஓர் உறுமல். ஓடுகள் வெடித்தன. உத்திரம் முறிந்தது. வெள்ளையாக ஒன்று கூடத்தின் குறுக்கே வீசிப் போனது. ஒரே வீச்சு. சூடாக ஏதோ அவர் முகத்தில் அடித்தது. உப்பு. மனைவி ரத்தினம்மாளின் கை, மஞ்சள் கிண்ணத்தை விடாமல், தனியாகக் கிடந்தது. கீதாஞ்சலி உட்கார்ந்தபடியே இருந்தாள். கழுத்துவரை.

வெளியே ஓடினார். கொலைகாரப் பாவிகளா என்று அலறத் தலையைத் தூக்கினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றும் சுழன்றுகொண்டிருந்தன.

திரும்பிப் பார்த்தார். கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை. உள்ளே பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். மகளின் சிரிப்பும் அதில் கேட்டது. அவருடைய கை மட்டும் முழங்கைவரை சிவந்து சொட்டியது.

கொல்லைப்பக்கம் ஒலிபெருக்கி கரகரத்தது. "கோட்டுக்குள்ள யாரும் இல்லிங்க. கழட்டுறோம்."

சாமிக்கண்ணு காபி டம்ளரோடு எழுந்து அவரை உற்றுப் பார்த்தார். "சம்பந்தி, கையில என்னது?"

"வெளியில வாங்க!" ஆண்டவர் கத்தினார். "நாந்தான் கோட்டை மாத்துனேன்! கீதா, வெளியில வா!"

கோபுரத்தடியில் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. அவர் வாய் திறந்து மூடியது மட்டும் தெரிந்தது. குரல் யாருக்கும் கேட்கவில்லை. உச்சியிலிருந்து ஓர் இறக்கை விடுபட்டது. ஒரு கணம் அது வானத்தில் அப்படியே நின்றது. பிறகு மெல்ல, வழி தெரிந்ததுபோல, நுனியை வீட்டின் பக்கம் திருப்பியது.