இமோஜீனை அழைக்கிறார்கள்

வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஹார்லோ கவுண்டி நீதிமன்றம் கூடுவதில்லை. மான் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டால் நீதிபதியே வியாழக்கிழமையோடு மலையேறிவிடுவார் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் வெர்னா பூட்ஸில் அப்பியிருந்த பனிச்சேற்றை வாசலில் உதறிவிட்டு உள்ளே நுழைந்தபோது, மாடியில் யாரோ நீளமாக, சலிப்பாக, ஒரு பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.

"மேல கோர்ட் நடக்குதா, ஹோபர்ட் மாமா?"

வாசல் காவலர் ஹோபர்ட் அவள் கைப்பையைத் துழாவிக்கொண்டே சிரித்தார். "நீதிபதி மரத்து மேல உக்காந்து மானுக்குக் காத்துட்டிருக்காரு. அது சம்மன் வரலன்னு சொல்லி ஒளிஞ்சிட்டிருக்கு."

"யாரோ பேர் கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சு."

"நீராவிக் குழாய்ம்மா அது. பழைய கட்டடம். வயித்துக்கோளாறு வந்த கிழவன் மாதிரி எப்பவும் உறுமிட்டே கிடக்கும்."

குழாய்தான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். வேறு எதையும் யோசிக்க அவளுக்கு இடமில்லை. அக்கா வசந்த காலத்தில் இறந்துபோனதிலிருந்து அக்காவின் ஆறு வயது மகள் ஜூனி இவளோடுதான் இருக்கிறாள். இரவில் இவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். ஈமச்சடங்குக்குக்கூட வராத அவளுடைய அப்பன் டேல் ராட்லிஃப் இப்போது வந்து, மகளைக் கொடு என்கிறான். திங்கட்கிழமை விசாரணை. "அவனோட மொத சம்சாரம் இமோஜீன், அவன்கிட்டேருந்து பாதுகாப்பு கேட்டு உங்க பக்கத்து கவுண்டியில மனு போட்டிருக்கா. அவ சத்தியம் பண்ணி எழுதினதோட நகல், முத்திரை குத்தினது, வேணும். அது இல்லன்னா புள்ளைய அவன் கூட்டிட்டுப் போயிடுவான்" என்று இலவச சட்ட உதவி வக்கீல் சொல்லியிருந்தார். இமோஜீனையே கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. அந்த வழக்கு விசாரணைக்கு வந்த நாளுக்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. ஓஹையோ பக்கம் ஓடிப்போய்விட்டாள் என்று டேல் சொன்னதை ஊரும் நம்பியது.

பதிவறையில் எழுத்தர் டார்லா புதினா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வெர்னா சொன்ன பெயரைக் கணினியில் தட்டினாள்.

"இங்க வந்து பழைய கேஸ் தேடறவங்க ரெண்டே வகைதான், தங்கம். ஒண்ணு நெலத்தகராறு, இல்லன்னா புருஷன் மேல சந்தேகம். நீ எது?"

"ரெண்டும் இல்ல, மிஸ் டார்லா. அடுத்தவ புருஷன் மேல சந்தேகம்."

"அது மூணாவது வகை. அதுலதான் சுவாரசியமே." டார்லா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இது என்ன, இன்னும் நிலுவைன்னு காட்டுது. இருபது வருஷமாச்சு. யாரோ மூட மறந்துட்டாங்க போல."

"மனுவை இதுல பாக்க முடியாதா?"

"தலைப்பு மட்டும்தான் இதுல இருக்கு. காகிதமெல்லாம் கீழ, அடித்தளத்துல. பொது ஆவணம், யார் வேணா போய்ப் பாக்கலாம். உனக்கு உரிமை இருக்கு, என் முட்டிக்குத்தான் இல்ல." மஞ்சள் அட்டை ஒன்றை நீட்டினாள். "கோப்பை எடுத்த எடத்துல இதை வெச்சிடு. உன் பேர எழுதி வெய்யி. அவ எங்கன்னு யாராவது தேடினா, உன்கிட்ட இருக்கான்னு தெரியணும்ல. சீக்கிரம் வா, நாலரைக்குப் பூட்டிடுவேன்."

அடித்தளப் படிகள் குறுகலாக இருந்தன. இறங்க இறங்க, நனைந்த காகிதத்தின் புளித்த வாடையும், கொதிகலனின் எண்ணெய் வாடையும், எங்கோ செத்துக் காய்ந்துபோன எலியின் இனிப்பான வாடையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து முகத்தில் படிந்தன. மேலே டார்லா தன் நாற்காலியை இழுத்த ஓசை பஞ்சுக்குள் அமுங்கியதுபோல் தேய்ந்து, பிறகு இல்லாமலே போனது. கயிற்றை இழுத்து விளக்கைப் போட்டாள். வெளிச்சம் வந்த இடத்தைவிட வராத இடமே அதிகமாக இருந்தது. இரும்பு அடுக்குகள், அவற்றில் வாய்வரை பிதுங்கிய பெட்டிகள், அவற்றுக்கு நடுவே ஒரு ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டு போகுமளவுக்குச் சந்துகள். கூரையோரத்துச் சன்னலில் தெரிந்த சாம்பல் நிற வானம், மலைக்குப் பின்னே சூரியன் இறங்கியதும் அழுக்குத் தண்ணீர்போல் கலங்கி இருண்டுகொண்டிருந்தது.

ராட்லிஃப் பெயருள்ள பெட்டி கடைசிச் சந்தில் இருந்தது. பெட்டியை இழுத்து, விரலால் கோப்புகளைத் தள்ளித் தள்ளிப் போனாள். இமோஜீன் ராட்லிஃப். மெல்லிய கோப்பு. அட்டையில் தன் பெயரை எழுதி அந்த இடைவெளியில் செருகினாள்.

அப்போது மாடியில் கதவு திறந்தது.

"இமோஜீன் ராட்லிஃப்."

இந்த முறை பெயர் தெளிவாகக் கேட்டது. நடைகூடத்தின் கல் சுவர்களில் பட்டு, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி வந்த குரல். குழாய் அப்படிப் பேசாது.

ஹோபர்ட்தான் விளையாடுகிறார் என்று சொல்லிக்கொண்டாள். இமோஜீனைத் தேடி வந்திருப்பதாக ஹோபர்ட்டிடம் சொல்லவே இல்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. கிளம்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் முதலில் மனு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பாவம், அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்.

இருந்தது. நீல மையில், அழுத்தி எழுதிய கையெழுத்து. *அவர் அடிப்பதில்லை. என் வாயைப் பொத்துகிறார். நான் உதைப்பதை நிறுத்தும்வரை பொத்துகிறார். பிறகு விட்டுவிட்டுச் சிரிக்கிறார்.* கீழே சத்தியம், கையொப்பம், முத்திரை. இது போதும். ஜூனியை இந்த ஒரு தாள் காப்பாற்றிவிடும். வெர்னாவின் கண்கள் நிறைந்தன.

அடுத்த தாள் விசாரணை நாளின் குறிப்பு. தட்டச்சு செய்தது. *மனுதாரர் கட்டடத்துக்குள் நுழைந்ததைக் காவலர் பார்த்தார். நீதிமன்ற அறைக்கு வரவில்லை. வாசலில் அழைக்கப்பட்டார், ஒருமுறை. பதில் இல்லை. இரண்டாம் முறை. பதில் இல்லை.* அதோடு வரி நின்றிருந்தது. மிச்சத் தாள் வெறுமை.

உள்ளே நுழைந்தவள் மாடிக்குப் போகவில்லை என்றால்.

வெர்னா நிமிர்ந்து பார்க்கவில்லை. சந்தின் கோடியிலிருந்து ஒரு ஓசை வந்துகொண்டிருந்தது. அவள் இறங்கியதிலிருந்தே வந்துகொண்டிருந்ததோ என்னவோ. மூக்கால் மட்டும் மூச்சு விடுகிற ஓசை. வேகமாக. சளி கட்டிய குழந்தை தூக்கத்தில் விடுவதுபோல.

மாடியில் மறுபடி கதவு திறந்தது. வாசலில் கேட்டது ஒன்று. சற்றுமுன் ஒன்று. இது மூன்று. மூன்றாவதற்கும் பதில் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி.

"இமோஜீன் ராட்லிஃப்."

அந்த மலைப் பக்கத்தில் வளர்ந்த எவளும் கோர்ட்டில் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கார் நிறுத்தப் போனவளுக்காக, வெளியே சிகரெட் பிடிக்கிறவளுக்காக, கழிவறையில் அழுதுகொண்டிருப்பவளுக்காக, பக்கத்தில் இருப்பவள் குரல் கொடுப்பாள். வழக்கு போய்விடக் கூடாதல்லவா. யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"இருக்கா. இங்கதான் இருக்கா, வரா."

சந்தின் கோடியில் கேட்ட மூச்சு நின்றது.

மாடியில் நிறையப் பேர் ஒன்றாக எழுந்து நிற்கும்போது பெஞ்சுகள் முனகுமே, அந்த முனகல். பிறகு அமைதி. காத்திருக்கும் அமைதி.

சந்தின் கோடியில் ஒரு பெண் நின்றாள். நல்ல கோட்டு. நீதிமன்றத்துக்கென்று தேய்த்துப் போட்டது. காலர்வரை பொத்தான். காதில் சின்ன முத்துத் தோடு. கண்கள் தெரிந்தன. கண்களுக்குக் கீழே, ஒரு ஆணின் கை.

பின்னாலிருந்து வந்த கை. முழங்கைக்கு அப்பால் இருட்டு. இருபது வருஷம் அழுத்தியதில் விரல்கள் கன்னத்துக்குள் இறங்கியிருந்தன. தோல் அவற்றைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்தது, மரம் கம்பியை விழுங்குவதுபோல.

இமோஜீன் அவளையே பார்த்தாள். நன்றி இல்லை அந்தப் பார்வையில். அவள் தலை மெல்ல அசைந்தது. வேண்டாம். வேண்டாம். அந்தக் கை அனுமதித்த அளவுக்கு.

ஓடு. படி அங்கே. தாள் கையில். ஓடு.

கால் அசைந்தது. ஒரு அடி. இன்னொன்று.

மேலே வேறொரு தாளைப் புரட்டும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம்.

"சிறுமி ஜூனி ராட்லிஃப் சம்பந்தமாக. வெர்னா ஸ்டில்ட்னர்."

ஒருமுறை.

இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஒரே வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அவனுக்கு இன்னொரு கையும் இருந்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது. சோப்பு மணந்தது. அவள் உதடுகளின் மேல், அவசரமே இல்லாமல், நன்றாகப் பொருந்தி அமர்ந்தது.

"வெர்னா ஸ்டில்ட்னர்."

எதிரே இமோஜீன் கண்களை மூடிக்கொண்டாள்.