தண்டனை முடியும் தேதி

மூன்று மழைக்காலம் கழிந்தும் புதைகுழி மேடு அமுங்கவில்லை. துயெட் அண்ணன் முதலில் பார்த்தது அதைத்தான். முப்பது வருஷமாக ஊரில் இறந்தவர்களின் எலும்பைத் தோண்டிக் கழுவிக் கொடுக்கிற மனிதர் அவர். மேலே மண்ணைப் பார்த்தே உள்ளே என்ன நிலைமை என்று சொல்லிவிடுவார். பலகை மக்கி உடையும்போது மண் உள்வாங்கும், மேடு தட்டையாகும், நடுவில் ஒரு குழிவு விழும். இங்கே மேடு நேற்றுதான் மூடியது மாதிரி குவிந்து நின்றது. மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் அவர் பக்கத்து மேட்டைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். வரிசையில் இருந்த பத்தொன்பதும் அப்படித்தான் நின்றன.

“என்னண்ணே?” என்றாள் லுவா.

“ஒண்ணுமில்ல. மலை மண்ணு, கொஞ்சம் இறுக்கமா இருக்கும்.”

பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பயப்பட அவளிடம் இடமில்லை. உடம்பு முழுக்கக் கோபம்தான் இருந்தது. ஐந்து வருஷத்துக் கோபம். ஆற்றோரத்து வயலைப் பிடுங்கி மணல் கொட்டி மேடாக்க வந்த லாரிகளுக்கு முன்னால் அவள் புருஷன் கியெம் போய் நின்ற காலையில் ஆரம்பித்தது அது. ஊரே நின்றது, கியெம் முதல் ஆளாக நின்றான், கையில் நிலப் பத்திரத்தோடு. பத்திரம் வைத்திருந்தவனுக்கு எட்டு வருஷம் சிறை. மணல் கொட்டியவனுக்கு மாலை. இரண்டாம் வருஷம் சிறை முகாமிலிருந்து ஒரு காகிதம் வந்தது, இதயம் நின்றுவிட்டதாம். அதுவும் புதைத்துப் பதினோரு நாள் கழித்து.

வயலில் ஒரு துண்டு மட்டும் இன்னும் மணலுக்கடியில் போகவில்லை. கியெமின் அப்பாவின் கல்லறை இருக்கிற மூலை. ஊர் வழக்கப்படி, புதைத்த மூன்றாம் வருஷம் எலும்பை எடுத்துக் கழுவி, சின்ன மண்பெட்டியில் அடுக்கி, சொந்த மண்ணில் இரண்டாம் முறை புதைத்தால்தான் இறந்தவன் வீடு சேர்வான். அப்பாவுக்குப் பக்கத்தில் அவனையும் வைத்துவிட வேண்டும் என்பதற்காக லுவா முப்பத்தோரு மனு எழுதினாள். உயிரோடு நின்றவனை இழுத்துக்கொண்டு போனீர்களே, கல்லறையை இழுங்கள் பார்க்கலாம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே ஒவ்வொன்றையும் எழுதினாள். எலும்புப் பெட்டி என்றால் ஏற்றமாட்டார்கள் என்பதால், பெட்டிக்குள் மீன் சாஸ் சாடி இருக்கிறது என்று நடத்துனரிடம் புளுகிவிட்டு, ஒன்பது மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள்.

எலும்பின் மேல் பகல் வெளிச்சம் படக்கூடாது. விடியும் முன்னே எடுத்துவிட வேண்டும். முகாமோ மதியம் மூன்றிலிருந்து ஐந்து என்று எழுதிக் கொடுத்திருந்தது. வேண்டுமென்றேதான். எனவே துயெட் அண்ணன் நான்கு மூங்கில் நட்டு நீலத் தார்ப்பாய் கட்டினார். தூறல் அதன் மேல் விழுந்து ஓயாமல் பொரிகிற சத்தம் கேட்டது. கீழே சரிவில் முகாமின் தகரக் கூரைகள் தெரிந்தன. எங்கிருந்தோ முந்திரி ஓடு கருகுகிற காரமான புகை ஏறி வந்து தொண்டையில் ஒட்டியது.

மேட்டின் தலைமாட்டில் சிமெண்ட் பலகை. அவன் எண், அவன் பெயர், ஒரு தேதி. லுவா சேற்றைத் துடைத்துத் தேதியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

கொஞ்சம் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் காவல் அதிகாரி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீ பிளாஸ்க். மடியில் நீளமான பதிவேடு.

“ஐயா, தேதி தப்பா போட்டிருக்கு. அவர் போய் மூணு வருஷம் ஆகுது. இது இன்னும் வராத வருஷம்.”

“தப்பில்லம்மா. அது விடுதலைத் தேதி.”

“செத்தவருக்கு எதுக்குய்யா விடுதலைத் தேதி?”

“எட்டு வருஷம்னு தீர்ப்பு. ரெண்டு வருஷத்துல படுத்துக்கிட்டா மீதிய யாரு முடிக்கிறது, நீயா?” விதைத் தோலைத் துப்பினார்.

“அப்ப எனக்கு எதுக்கு அனுமதி குடுத்தீங்க?”

“எலும்ப எடுத்துட்டுப் போகத்தான் குடுத்திருக்கு. எலும்பு இருந்தா எடுத்துட்டுப் போயேன், யாரு வேண்டாங்கறா? அஞ்சு மணிக்குள்ள முடி. அதுக்கப்புறம் எனக்கு வேலை இருக்கு.”

அந்தத் தாடையில் ஓங்கி ஒன்று விடவேண்டும் போல அவளுக்குக் கை துறுதுறுத்தது. ஊதுபத்தியைக் கொளுத்தினாள். ஈரக் காற்றில் அது பற்றவே நாலு தீக்குச்சி ஆயிற்று.

துயெட் அண்ணன் வெட்டத் தொடங்கினார். வழக்கமாக வெட்டும்போது வாய் ஓயாது அவருக்கு. செத்தவனைக் கிண்டல் செய்வார், இன்னும் எழுந்திரிக்க மனசு வரலியா என்பார், அரிசிச் சாராயத்தை ஒரு வாய் குழிக்கும் ஒரு வாய் தனக்கும் ஊற்றிக்கொள்வார். இன்று பேசவில்லை. மண் புதிதாகக் கொத்திய தோட்டத்து மண் போலப் பொலபொலவென்று வந்தது. புல்வேர் இல்லை, புழு இல்லை, ஒரு எறும்புகூட இல்லை. இடுப்பளவு இறங்கியதும் அவர் நின்று மூக்கை உறிஞ்சினார். லுவாவுக்கும் அந்த வாடை வந்துவிட்டது. அழுகல் இல்லை. அழுகலாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள், அதற்குத்தான் துணியும் வாசனைத் தண்ணீரும் கொண்டுவந்திருந்தாள். இது வியர்வை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டுச் சட்டையைக் கழற்றாமல் படுத்துவிட்ட ஆம்பளையின் வியர்வை.

மண்வெட்டி பலகையில் பட்டது. பலகை புத்தம்புதிதாக இருந்தது. ஆணி துருப்பிடிக்கவில்லை.

“லுவா,” என்றார் அவர், தலையைத் தூக்காமல். “மூடிடலாம். சொல்றதக் கேளு.”

“திறங்கண்ணே.”

“இது எனக்குத் தெரிஞ்ச வேலையா இல்ல.”

“மூணு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன். ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் என்னைப் பைத்தியக்காரின்னாங்க. மூடிட்டு வெறும் பெட்டியோட ஊருக்குப் போகணுமா நான்? கடப்பாரைய இப்படிக் குடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. தானே நெம்பினார். பலகை கிறீச்சென்று ஏறியது.

கியெம் படுத்திருந்தான்.

கோடு போட்ட முகாம் சட்டை, கழுத்துவரை பொத்தான். முழு முகம். ஒட்டிய கன்னம், ஆனால் கன்னம்தான், எலும்பில்லை. மூச்சு இல்லை. நெஞ்சு அசையவில்லை. அதை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“சில மண்ணுல உடம்பு போகாது,” துயெட் அண்ணன் தனக்கே சொல்லிக்கொள்வது போல முணுமுணுத்தார். “மெழுகு மாதிரி ஆகும். ரெண்டு மூணு பாத்திருக்கேன். இது அது இல்ல பிள்ள. இது அது இல்ல.”

அவளும் கண்டாள். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வெட்டியதல்ல. வெட்டிய முடித் துணுக்குகள் காலரில் ஒட்டியிருந்தன. பின்கழுத்தில் மிஷின் பட்ட சிராய்ப்பு சிவப்பாக இருந்தது.

அப்புறம் கை. முந்திரி உடைக்கிற பட்டறையில் போட்டிருந்தார்கள் அவனை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்த கடைசி சந்திப்பில்கூட முந்திரி ஓட்டுப் பால் பட்டு விரல்கள் வெந்திருந்தன. இப்போதும் வெந்திருந்தன. நகத்தடியில் கறுப்பு. கட்டைவிரலில் ஒரு கொப்புளம். உடைந்து, ஈரமாக. அது இன்றைக்குப் பட்ட புண்.

“உங்களை விடலியா,” என்றாள். “செத்தும் விடலியா இவனுங்க.”

மண்பெட்டி இரண்டடி நீளம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆளே இருக்கிறான். முழு ஆள். தூக்கிவிடலாம். தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விடலாம், யார் தடுக்கிறான் பார்ப்போம்.

கீழே மணி அடித்தது.

ஐந்து. தகரக் கூரைகளுக்கு நடுவே முற்றத்தில் ஆட்கள் வரிசையாக உட்காருவது தெரிந்தது. யாரோ எண் கூப்பிட்டார்கள். “இருக்கேன் ஐயா.” “இருக்கேன் ஐயா.” தூறலுக்குள் மங்கலாகக் குரல்கள்.

இங்கே அதிகாரி எழுந்தார். மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டார். பதிவேட்டைத் திறந்தார். முற்றத்துக்கு முதுகைக் காட்டி, மேடுகளைப் பார்த்து நின்றார்.

ஒரு எண்ணைப் படித்தார்.

“இருக்கேன் ஐயா.”

முதல் மேடு. மண்ணுக்கு அடியிலிருந்து. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

துயெட் அண்ணனின் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது. கரையைப் பிறாண்டி ஏறினார். சரிவில் ஓடுகிற காலடிச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த எண்.

“இருக்கேன் ஐயா.” கிழவன் குரல்.

அடுத்தது. ஒரு பெண்.

கியெமுடையது ஏழாவது மேடு. லுவா குழிக்குள் குதித்தாள். அவன் நெஞ்சின் மேல் மண்டியிட்டாள். சட்டை சூடாக இருந்தது.

“என்னங்க. சொல்லாதீங்க.”

நான்கு.

“அவனுங்க கூப்பிட்டா கூப்பிடட்டும். நீங்க சொல்லாதீங்க. நான் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

ஐந்து.

அதிகாரி குழியின் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. மக்குப் பிள்ளையைத் தேற்றிவிட்ட வாத்தியாரின் திருப்தி இருந்தது.

“உயிரோட இருந்த ரெண்டு வருஷமும் ஒரு தடவகூட வாயத் திறக்கல உன் புருஷன். தினம் ரெண்டு வேளை கூப்பிடுவோம். அடிச்சும் பாத்தாச்சு, இருட்டறையில போட்டும் பாத்தாச்சு. நான் குற்றவாளி இல்ல, எதுக்குப் பதில் சொல்லணும்னு கல்லு மாதிரி உக்காந்திருப்பான்.” பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். “இப்ப பாரு.”

ஆறு. பக்கத்து மேடு. அவள் முழங்காலுக்கருகே மண் அதிர்ந்தது.

அதிகாரி ஏழாவது எண்ணைப் படித்தார்.

லுவா இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினாள். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினாள். உள்ளங்கைக்குக் கீழே உதடு அசைந்தது. பல் உரசியது. ஈர மண் அவள் விரலிடுக்கில் பிதுங்கி வந்தது. கண் திறக்கவில்லை, மூடிய இமைகளிலிருந்து தண்ணீர் இறங்கி இரண்டு காதுக்கும் ஓடியது. தாடை அவள் கைகளை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு திறந்தது.

“இருக்கேன் ஐயா.”

அதிகாரி பதிவேட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, எட்டாவது எண்ணைப் படித்தார்.