மார்ச் எட்டாம் தேதியின் மூச்சு

முட்டைக் குளிரறைக்குச் சுவரே எழும்பாத மார்ச் எட்டாம் தேதியில், அதற்குள் யாரோ மூச்சு விட்டதாகக் கிருத்திகாவின் லேப்டாப் காட்டியது. மோகனூர்க் கோழிப் பண்ணையில், டிரே டிரேயாக அடுக்கிய முட்டைகளின் ஈர வாடைக்கும் குளிர் இயந்திரத்தின் ஓயாத உறுமலுக்கும் நடுவே, சுவர் மீட்டரில் ஒயரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, மதியத்திலிருந்து அந்தப் பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள். மூச்சு விடுவதால் அறைக் காற்றில் சேரும் கரியமில வாயுவை அளந்து, நாள்வாரியாகக் கோடு வரையும் மென்பொருள் அவள் எழுதியதுதான்.

கண்டுபிடித்தும் விட்டாள். மீட்டர் தேதியில் நாள் எண்ணை முதலில் எழுதுகிறது. மென்பொருள் அதை மாதமாகப் படிக்கிறது. ஒரு வரியைத் திருத்தியதும், மார்ச் எட்டிலிருந்த கோடு ஆகஸ்ட் மூன்றில் போய் நின்றது. காலையில் ஏறத் தொடங்கி, அந்தி வரை ஏறி, அப்புறம் ஏறாமலே போன கோடு.

மோர்ச் செம்போடு பின்னால் வந்து நின்றாள் பண்ணைக்காரி சௌந்திரம். "என்னைக்குன்னு காட்டுது சாமி?"

"ஆடிப் பதினெட்டுங்க அக்கா."

சொன்ன பிறகுதான் கிருத்திகாவுக்கு உறைத்தது. ஊரே ஆற்றங்கரையில் கூடிய அன்றுதான் சௌந்திரத்தின் கணவர் தங்கசாமியைக் காவிரி கொண்டுபோனது. என் கண்ணெதிரே முங்கினார், எழவேயில்லை என்று சௌந்திரம் கதறினாள். உடல் கிடைக்கவில்லை. அவளை மடியில் சாய்த்துச் சோறு ஊட்டியவள் கிருத்திகா. அந்தக் கண்ணீருக்காகக் கோயில் கோயிலாக விளக்கும் ஏற்றினாள்.

"அதை மார்ச்சுலயே உட்டுரு சாமி."

"தப்பான தேதிங்களே அக்கா. அண்ணன் அன்னைக்கு ஆத்துக்குப் போகலீங்களா?"

சௌந்திரம் செம்பைக் கீழே வைத்தாள். பெற்றவள் போலக் கிருத்திகாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "குடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

கதவு மூடியது. வெளியே தாழ் விழுந்தது.

"அக்கா."

தட்டினாள். தடித்த கதவு சத்தத்தை விழுங்கியது. செல்போனில் டவர் இல்லை. இயந்திரம் நின்றது. விளக்கு அணைந்தது. பேட்டரியில் ஓடும் மீட்டர் மட்டும் கண் சிமிட்டியது.

திரையில் இன்றைய கோடு ஏறத் தொடங்கியிருந்தது. அவள் மூச்சுத்தான். ஆனால் ஒரு ஆளுக்கு இவ்வளவு வேகமாக ஏறாது. அவளுக்குத் தெரியும்.

செல்போன் வெளிச்சத்தை மூலை மூலையாக அடித்தாள். டிரேக்கள். சுவர். வேறு யாருமில்லை.

இரு கைகளாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். நெஞ்சு எரிந்தது. அடக்கினாள்.

கோடு நிற்கவில்லை. மெல்ல, சீராக, ஏறிக்கொண்டே இருந்தது.