இரண்டு கைகளுக்கான பை

முந்தின நாள் அவள் தைத்து மூடிய பை, காலையில் வாய் திறந்து கிடந்தது.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் தையல் இயந்திரம், வெட்டும் மேசை, வாடிக்கையாளர் உட்கார ஒரு மர நாற்காலி. தடுப்புக்குப் பின்னால் குடித்தனம். ஜன்னலோரம் நிற்கும் தலையில்லாத தையல் பொம்மையின் மேல் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு மாட்டியிருந்தது. அதன் வலப்பக்கப் பையைத்தான் நேற்று மாலை மூடியிருந்தாள். இப்போது பையின் மேல்மடிப்பு தூக்கிக்கொண்டு நிற்க, உள்ளே இருட்டாகத் தெரிந்தது. தரையில் நூல் கிடந்தது.

நூலைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையல் பிரிப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. நாலு தையலுக்கு ஒன்றாக நறுக்கிவிட்டு மறுபக்கம் பிடித்து இழுத்தால் நூல் முழுசாக ஒரே இழையில் வந்துவிடும். துணியில் தடமே இருக்காது. தரையில் கிடந்ததோ துண்டுதுண்டாக, நகத்தால் நோண்டி எடுத்தது போல. ஒன்றிரண்டு இடத்தில் கம்பளியும் சேர்ந்து பிய்ந்து வந்திருந்தது.

அப்படி நோண்டிப் பிரிக்கிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் செத்து ஐம்பத்து மூன்று நாளாகிறது.

அவள் புருஷன் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதெல்லாம் அவர் பென்சில் முனையில் இருந்தது. அவள் அவரை டைம்டேபிள் என்பாள். அவர் அவளை ஊசி என்பார். தொழிலுக்காகப் பாதி, வாய்க்காகப் பாதி. பிள்ளை இல்லை. இருபத்தாறு வருடத்தில் இருவரும் சேர்ந்து வளர்த்தது ஒரு பயணத்தைத்தான். எப்போதோ ஒரு காலண்டரில் பார்த்த ஐரோப்பிய நகரம். ஆற்றின் மேல் கற்சிலைகள் வரிசையாக நிற்கும் பழைய பாலம், மணிக்கூண்டு, பனி மூடிய ஓட்டுக் கூரைகள். குளிர்காலத்தில்தான் போகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து விழ, "அடுத்த குளிர்காலம்" என்று நோட்டை மூடி வைப்பார். இந்த வருடம்தான் டிக்கெட் வரைக்கும் வந்தது.

ஆறு நாள் பயணம், நிமிடம் பிசகாமல் நோட்டில் இருந்தது. ஒன்பது பத்துக்குப் பாலம், பத்தே காலுக்கு மணிக்கூண்டு என்று போகிற பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் 'உட்கார இடம் உண்டு' என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். தன் முட்டிவலிக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று அவள் உருகிப்போனாள்.

நல்ல கம்பளி ஒரு கோட்டுக்குத்தான் கிடைத்தது. முதலில் அவருக்குத் தைத்தாள். அளவெடுக்கும்போது, வலப்பக்கப் பையை மட்டும் ரெண்டு கை போகிற மாதிரி தை என்றார்.

"எதுக்கு, ஊரையே மூட்டை கட்டிக்கிட்டு வரப் போறீங்களா?"

"பாலத்து மேல காத்து பிச்சு எடுக்கும்னு போட்டிருக்கான். உன் கையையும் இதுக்குள்ள விட்டுக்கோ."

சாலை கடக்கும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்து இரண்டு முறை அழுத்துவார். வா, போகலாம் என்று அர்த்தம். அதற்கும் இடம்விட்டுத்தான் அந்தப் பையை வெட்டினாள்.

இலையுதிரும் மாதத்தில் ஒரு மதியம், பணிமனை மேசையில் தலையைச் சாய்த்தவர் நிமிரவில்லை. அவர் சட்டையோடு சேர்த்து ஒரு புதினா மிட்டாய் டப்பாவையும் கொடுத்தார்கள். எட்டு மாதமாக அவர் நடக்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் போட்ட டப்பா. திறந்தால் மிட்டாய் இல்லை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் சின்ன வெள்ளை மாத்திரைகள். இதயத்தில் அடைப்பு, உடனே அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று எட்டு மாதம் முன்பே டாக்டர் சொல்லியிருக்கிறார். பயணம் முடித்துவிட்டு வருகிறேன் என்று இவர் நாள் தள்ளியிருக்கிறார். எல்லாவற்றையும் தள்ளிப்போட்ட மனுஷன் இந்தப் பயணத்தை மட்டும் தள்ளிப்போடவில்லை. அந்த நோட்டை அவள் மறுபடி எடுத்துப் படித்தபோதுதான், உட்கார இடம் யாருக்காகத் தேடப்பட்டது என்பது புரிந்தது.

அழுகை அன்றோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கோபம். பல் துலக்கும்போது கோபம், ஊசியில் நூல் கோக்கும்போது கோபம். எட்டு மாதம் எதிரில் உட்கார்ந்து, வரைபடத்தில் விரலை ஓட்டி, சிரித்துக்கொண்டே ஏமாற்றியிருக்கிறார். போகிறேன், தனியாகவே போகிறேன் என்று முடிவுசெய்தாள். டிக்கெட்டை ஓர் ஆளுக்கு மாற்றினாள். நோட்டில் 'உட்கார இடம் உண்டு' என்ற வரியையெல்லாம் காகிதம் கிழியும்படி அடித்தாள். கோட்டின் தோளைக் குறுக்கினாள், கைநீளத்தைக் குறைத்தாள், தன் அளவுக்குக் கொண்டுவந்தாள். கடைசியாக அந்தப் பையை மூடினாள். ஒருத்திக்கு எதற்கு இரண்டு கைக்கான பை?

அதைத்தான் யாரோ பிரித்திருந்தார்கள். இன்னொரு சாவி நாத்தனாரிடம் இருந்தது. போன் போட்டு வரச் சொன்னாள்.

அவர் தங்கை வந்தவள், நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினாள். தான் ஏன் பிரிக்கப்போகிறேன், ஒரு வாரமாக இந்தப் பக்கமே வரவில்லை என்றாள். இவள் விடவில்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து மறைப்பது உங்களுக்கு ஒன்றும் புதிதில்லையே என்றாள். எட்டு மாதம் முன்பு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனதே அந்தத் தங்கைதான்.

"சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. ஊசிக்குத் தெரிஞ்சா பயணத்தை நிறுத்திடுவான்னு."

"நிறுத்தியிருப்பேன். ஆளு உயிரோட இருந்திருப்பாரு. சாவியை வச்சிட்டுப் போ."

நாத்தனார் சாவியை வெட்டும் மேசையில் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி எடுத்துக்கொண்டு தானே வருகிறேன் என்றாள். இவள் பொம்மையிலிருந்து கோட்டைக் கழற்றத் தொடங்கினாள்.

அன்று அந்தப் பையை இயந்திரத்தில் வைத்து, இரட்டை நூல் போட்டு, பொடித் தையலாக இரண்டு ஓட்டு ஓட்டினாள். யானை இழுத்தாலும் பிரியாது. கதவைப் பூட்டி இரண்டு சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், பனிக்கான காலணி வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்பினாள்.

உள்ளே நுழையும்போதே வாடை மாறியிருந்தது. துணியும் இயந்திர எண்ணெயும் இஸ்திரிச் சூடும் கலந்த கடையின் வழக்கமான வாடைக்கு அடியில், ஈரக் கல்லின் வாடை, ஆற்றோரத்துப் பாசி வாடை, அதற்கும் அடியில் மெல்லியதாகப் புதினா. ஹீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் பொம்மையை நெருங்க நெருங்கக் குளிர் கணுக்காலைப் பிடித்தது. தரையில் நூல் துண்டுகள். நோண்டி நோண்டிப் போட்டவை. பை திறந்திருந்தது. உள்ளே விரலை விட்டாள். லைனிங் துணி நனைந்திருந்தது. மூலையில் ஏதோ கரகரத்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

சின்ன வெள்ளை மாத்திரை. பாதி கரைந்தது.

அந்த டப்பாவை அவள் கையாலேயே, சவ அடக்கத்துக்கு மறுநாள், குப்பை வண்டியில் வீசியிருந்தாள். வண்டி அதை அரைத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்பாள். இவளுக்குப் பயம் வரவேண்டிய இடத்திலும் கோபமே வந்தது. பொம்மையின் முன்னால் நின்று, இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத 'நீ' என்ற சொல்லைச் சொன்னாள்.

"நீ வரலை. கேட்டுதா? நான் மட்டும்தான் போறேன்."

பொம்மை அசையவில்லை. கோட்டின் வலப்பக்கம் மட்டும், அதற்குள் ஒரு கனம் இருப்பதுபோல், இடப்பக்கத்தைவிட ஒரு விரல்கடை தாழ்ந்து தொங்கியது. அவள் வெட்டிய கோட்டு அப்படித் தொங்காது. எந்தக் காலத்திலும் தொங்காது.

வெள்ளிக்கிழமை முழுக்க வாடிக்கையாளர்களுக்குத் துணி திருப்பிக் கொடுத்து, வெளிக்கதவில் இரண்டு வாரம் விடுமுறை என்று எழுதி ஒட்டினாள். பல் வைத்தியர் தன் காற்சட்டையை வாங்க வந்தபோது, என்னம்மா, உள்ளே யாராவது மிட்டாய் டப்பாவை உருட்டுகிறார்களா என்று கேட்டார். ஹீட்டர் சத்தம் என்றாள். அவர் போனபிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. கலகல. ஒரு இடைவெளி. கலகல. மெதுவாக நடக்கிற ஒருவர், நாலு அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவது போல.

சனிக்கிழமை மதியம் கோட்டை மேசையில் குப்புறப் போட்டாள். லைனிங்கைத் திறந்து, பையின் துணியை அடியோடு கத்தரித்து எடுத்தாள். கத்தரி ஈரமான எதையோ அறுப்பது போல் அறுத்தது. வெட்டிய துணியைச் சாம்பல் வாளியில் போட்டு எரித்தாள். பிறகு லைனிங்கை மூடித் தைத்தாள், வெளியே மேல்மடிப்பையும் அழுத்தித் தைத்தாள். இப்போது பை என்பதே இல்லை. மடிப்புக்குப் பின்னால் கம்பளி, கம்பளிக்குப் பின்னால் லைனிங், அவ்வளவுதான். உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். தட்டையாக இருந்தது. தாழ்வும் போய்விட்டது. ஐம்பத்தேழு நாளில் முதல்முறையாகக் கோபம் ஒரு சுற்று தளர்ந்தது. பாலத்தின் நடுவில் தனியாக நின்று, கையை எங்கேயும் செருகாமல், காற்று பிய்த்து எடுக்கட்டும் என்று நிற்கவேண்டும் என நினைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது. தெருவில் டாக்ஸி வந்து நின்றது. நாத்தனார் இறங்காமல் கண்ணாடியை இறக்கி, அண்ணி, நேரமாச்சு என்று குரல் கொடுத்தாள். பெட்டியைப் பூட்டிய கதவருகில் உள்ளேயே வைத்துவிட்டு வந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். பொத்தான்கள் நாலும் ஏறின. விளக்கை அணைக்கப் போனாள்.

கலகல.

அவள் மேலிருந்தே.

வலப்பக்கம் கனத்தது. தோளை இழுத்தது. குனிந்து பார்த்தாள். மேல்மடிப்பு தூக்கிக்கொண்டிருந்தது. காலடியில் நூல் துண்டுகள்.

அப்போதும் கோபம்தான் முந்திக்கொண்டது. அந்தப் பாழாய்ப்போன டப்பாவை எடுத்துத் தெருவில் வீசிவிட்டுத்தான் மறுவேலை என்று கையை உள்ளே விட்டாள்.

மணிக்கட்டுவரை போயிற்று. அங்கே துணி முடியவேண்டும். முடியவில்லை. முன்கைவரை போயிற்று. அவள் இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் காற்று அடித்தது. திறந்தவெளிக் காற்று. பனியின் பொடி விரலில் பட்டது. எங்கோ தூரத்தில் ஒரு பெரிய மணி அடித்தது.

விரல்கள் வந்தன.

குளிர்ந்த, ஈரமான, அவளுக்கு நன்றாகத் தெரிந்த விரல்கள். பென்சில் பிடித்துக் காய்த்த நடுவிரல். அவள் கையை மூடின. ஒரு முறை அழுத்தின. இன்னொரு முறை.

"விடு," என்றாள். "விடு. எடு கையை."

இழுத்தாள். கோட்டுதான் கூடவந்தது. பொத்தானைக் கழற்றப் போன இடக்கை வழுக்கியது. வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது. கத்த வாய் திறந்தாள். புதினா வாடை தொண்டையை அடைத்தது.

கை அவளை வாசலுக்கு இழுக்கவில்லை. கீழே இழுத்தது. பின்னால். மெதுவாக, நிதானமாக, முட்டிவலிக்காரியை உட்காரவைப்பதுபோல. வாடிக்கையாளர் நாற்காலி காலில் இடித்தது. உட்கார்ந்தாள்.

முன்கையில் சுருக்கென்று குத்தியது.

பையின் வாயில் ஓர் ஊசிமுனை எட்டிப் பார்த்தது. உள்ளேயிருந்து வந்தது. கம்பளியைத் துளைத்து, தோலைத் துளைத்து, திரும்ப உள்ளே போனது. பின்னால் நூல் ஓடியது. கோணல் தையல். ஒன்று நீளம், ஒன்று குட்டை. பொத்தான் தைக்க அவள் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தையல்.

மறுபடி ஊசி. மறுபடி.

ஹாரன். "அண்ணி?" கார்க் கதவு சாத்தும் சத்தம். பூட்டிய கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு சாவியும் அவள் இடுப்பில், கோட்டுக்கு அடியில்.

கடைசித் தையல் விழுந்தது. நூல் இறுகியது. அவர் ஒருநாளும் கத்தரியைத் தேடமாட்டார். எத்தனை தடவை திட்டியும் திருந்தாத பழக்கம்.

பைக்குள், அவள் விரல்களுக்கு வெகு அருகில், பற்கள் நூலைக் கடித்து அறுத்தன.